இரண்டாம் கேட்டுக்கு உள்ளே ஒன்றேகால் ஏக்கர்

ராஜாத்தி தன் நிலத்துக்குப் போக வேண்டுமென்றால் கழுத்தில் நீல நிற விசிட்டர் கார்டு ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். சூளகிரிக்குப் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் இரண்டாம் கேட்டில் அந்தக் கார்டைத் தருவார்கள். காலை ஒன்பதுக்கு முன்னால் கிடையாது, மாலை ஐந்துக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. ரிஜிஸ்டரில் பெயர், ஊர், வந்த நேரம், கொண்டு வந்த பொருள் எல்லாம் எழுதிய பிறகு 'யாரைப் பார்க்க' என்று ஒரு கட்டம் வரும். முதல் நாள் கேட்டபோது ராஜாத்தி, "மக்காச்சோளத்த" என்றாள். காவலர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். இரண்டு வருடமாக அந்தக் கோடுதான்.

இப்படி ஆனதற்குக் காரணம் அவளுடைய அப்பா செய்த பாகப்பிரிவினை. நான்கு ஏக்கரில் ரோட்டோரம் இருந்த இரண்டேமுக்காலை மகன் மாதவனுக்கும், பின்னால் இருந்த ஒன்றேகாலை மகளுக்கும் எழுதி வைத்தார். மகளுக்கு நிலம் கொடுப்பதே பெரிய விஷயம் என்று ஊரே அவரை மெச்சியது. அதற்குப் போகும் வண்டிப்பாதை மகன் பங்குக்குள் ஓடுகிறதே என்று மெச்சியவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. மாதவன் தன் பங்கைக் கம்பெனிக்கு விற்றுவிட்டு மத்திகிரியில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். கிரயப் பத்திரத்தில் பாதையைப் பற்றி ஒரு வரி எழுத மறந்துவிட்டானாம். அவன் மறதி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். அக்கம்பக்கத்து நிலங்களும் கை மாறின. மூன்று பக்கம் பத்தடி சுவரும் ஒரு பக்கம் கம்பி வேலியும் எழுந்தன. நடுவில் ராஜாத்தியின் ஒன்றேகால் ஏக்கர் மட்டும் விற்காமல் நின்றது. பாதை கேட்டு அவள் கொடுத்த மனு தாலுகா ஆபீசில் இரண்டு வருடமாகக் கிடக்கிறது.

விற்றுவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவள் புருஷன் கிருஷ்ணப்பன் தினமும் அதைத்தான் கேட்டான். ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறவன், நல்ல மனுஷன். ஆனால் வேன் ஓட்டுகிறவனுக்கு வழியில்லாத இடம் என்றாலே எரிச்சல். ராஜாத்திக்கு விற்க மனம் இல்லை. வீடு புருஷன் பெயரில், மாடு பால் சொசைட்டியில் புருஷன் பெயரில், ரேஷன் கார்டில்கூட அவள் இரண்டாவது வரி. நாற்பத்தேழு வயதில் அவள் பெயர் முதல் வரியில் இருக்கும் ஒரே காகிதம் அந்த ஒன்றேகால் ஏக்கர் பட்டா. அதை விட்டுக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

போன வருடம் அந்த நிலத்தில் போட்ட மக்காச்சோளம் பாழாய்ப் போனது. கம்பெனிக் கூரைகளில் விழும் மழைத்தண்ணீர் முழுவதும் ஒரு குழாய் வழியாக அவள் நிலத்தின் கீழ்க்கோடியில் வந்து கொட்டியது. மக்காச்சோளம் வெயிலைக்கூட ஓரளவு தாங்கும், காலடியில் தண்ணீர் நின்றால் தாங்காது. இரண்டு நாள் நின்றால் வேர் மூச்சுத் திணறி, பயிர் மஞ்சளாகிவிடும். கடைசியில் மூன்று மூட்டைதான் தேறியது. அன்றைக்கு வீட்டில் பேச்சு முற்றியது. மகள் பிரியதர்ஷினியும் அப்பா பக்கம் சாய்ந்தாள். ராஜாத்தி எழுந்து நின்று சொன்னாள்:

"இன்னும் ஒரே ஒரு போகம். பத்து மூட்ட வந்துச்சுன்னா நெலத்தப் பத்தி யாரும் வாய் தொறக்கக் கூடாது. வரலன்னா நீங்க காட்ற எடத்துல கையெழுத்து போடறன்."

"பேச்சு மாறக் கூடாது" என்றான் கிருஷ்ணப்பன்.

"நான் மாறமாட்டன். நீங்க மாறாம இருங்க."

ஆடிப் பதினெட்டாம் பெருக்கு அன்று விதைத்தாள். டிராக்டர் உள்ளே வந்தபோது கேட்டில் வண்டி எண்ணை மட்டும் எழுதினார்கள். விதையும், அடியுரத்துக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி. உரமும் டிரைவர் காலடியில் கிடந்தன, அதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பயிர் ஒழுங்காக முளைத்தது. முழங்கால் உயரம் வந்தபோது, இருபத்தைந்தாம் நாளை ஒட்டி, நல்ல மழையும் பெய்தது. இதுதான் மேலுரம் போடும் நேரம். இந்த வயதில் யூரியா கிடைத்தால்தான் தண்டு தடிக்கும், கதிர் பெருக்கும். காய்ந்த மண்ணில் போட்டால் காற்றோடு போய்விடும், தண்ணீர் நிற்கும்போது போட்டால் தண்ணீரோடு போய்விடும். மண் ஈரமாக, ஆனால் கால் புதையாமல் இருக்கும் நான்கைந்து நாட்கள்தான் கணக்கு.

அந்த நான்கைந்து நாட்களில்தான் கம்பெனியில் செக்யூரிட்டி ஏஜென்சியை மாற்றினார்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ ஆடிட்டுக்கு வரப் போகிறார்களாம். புதிதாக வந்த செக்யூரிட்டி ஆபீசர் பெயர் ஆனந்தராஜ். ஊத்தங்கரைக்காரர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சட்டைப்பையில் இரண்டு பேனா. கிருஷ்ணப்பனின் பைக்கில் யூரியா மூட்டையை வைத்துக்கொண்டு வந்த ராஜாத்தியை அவர் நிறுத்தினார்.

"இது கெமிக்கல்மா. உள்ள விட முடியாது."

"யூரியா சார். என் நெலத்துக்கு."

"நெலத்துக்கோ எதுக்கோ, கெமிக்கல் உள்ள போகணும்னா அட்மின்ல கேட் பாஸ் வேணும். அதுல என்ன இருக்கு, தீப்பிடிக்குமா, எப்படி வைக்கணும்னு ஒரு ஷீட்டும் வேணும். அட்மின் மேடம் சென்னைக்குப் போயிருக்காங்க. திங்கக்கிழம வாங்க."

"திங்கக்கிழமைக்குள்ள மண்ணு காஞ்சிடும் சார்."

ஆனந்தராஜ் மூட்டையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு ரிஜிஸ்டரைப் பார்த்தார். கடைசியாகப் பார்த்ததைத்தான் அவர் கேட்டார். மூட்டை வீட்டுக்குத் திரும்பியது. திங்கட்கிழமை வந்த மேடம், யூரியாவுக்கு அந்த ஷீட்டைக் உரக் கடைக்காரர்தான் தர வேண்டும் என்றாள். அப்படி ஒரு தாளைத் தன் பாட்டன் காலத்திலும் கேட்டதில்லை என்றார் கடைக்காரர். மேலுரத்தை எதிர்பார்த்து நின்ற பயிரின் அடி இலைகளில் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சள் ஏறியது.

செவ்வாய்க்கிழமை ராஜாத்தி மூன்று அடுக்கு டிபன் கேரியரோடு கேட்டுக்கு வந்தாள். மேல் அடுக்கில் களியும் கீரையும். கீழ் இரண்டு அடுக்கிலும் யூரியா, அடுக்குக்கு ஒரு கிலோ. சாப்பாட்டுக்குத் தடை இல்லை. ரிஜிஸ்டரில் 'டிபன்' என்று எழுதினார்கள். கேட்டில் நின்ற கன்னடக்காரக் காவலர், "ஊட்டா ஏனம்மா?" என்று சாப்பாட்டைப் பற்றி அன்பாகக் கேட்டார். "களி" என்று அவளும் அன்பாகவே சொன்னாள். சொந்த நிலத்துக்கு உரத்தைத் திருட்டுத்தனமாகக் கொண்டு போன முதல் பெண் இந்தத் தாலுகாவில் அவளாகத்தான் இருப்பாள்.

காலையில் இரண்டு கிலோ, மதியம் வீட்டுக்குப் போய் வந்து இரண்டு கிலோ. ஒரு மூட்டை நாற்பத்தைந்து கிலோ. பன்னிரண்டு நாள் ஆயிற்று. இரவில் ஈரம் பட்டால் யூரியா கட்டியாகிவிடும், டிபன் அடுக்கிலிருந்து கரண்டியால் சுரண்டி எடுத்து விரலால் உடைத்துப் போட்டாள். நகக்கண்ணெல்லாம் எரிந்தது. அந்தக் கேரியரில் வீட்டில் ஒருவரும் அப்புறம் சாப்பிடவில்லை.

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, ஆனந்தராஜ் அவளை நிறுத்தி, நடு அடுக்கைத் திறக்கச் சொன்னார். ராஜாத்தி களி அடுக்கை எடுத்து ஓரமாக வைத்தாள். திறந்தாள். வெள்ளை வெளேரென்று உருண்டை உருண்டையாக இருந்தது.

"என்னம்மா இது?"

"ஜவ்வரிசி சார். வடகம் போடலாம்னு. சொவரு பக்கம் நல்லா காயும்."

அவர் ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, மூடுங்க" என்றார்.

பயத்தில் செய்கிற வேலையில் புத்தி வேலை செய்யாது. எங்கே மஞ்சள் அதிகமோ அங்கே முதலில் போட வேண்டும் என்று நினைத்து, கீழ்க்கோடியிலிருந்து ஆரம்பித்திருந்தாள் ராஜாத்தி. நான்காம் நாள் ஒரு மழை. குழாய்த் தண்ணீர் வந்து நின்று, அதுவரை போட்ட பதினாறு கிலோவையும் கரைத்துக்கொண்டு போனது. பயிர் இன்னும் மஞ்சளாகத்தான் ஆனது. வட்டாரத்து உதவி வேளாண்மை அலுவலர் கவிப்ரியாவுக்குப் படம் அனுப்பினாள். கவிப்ரியா போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, அது பசி மஞ்சள் இல்ல, வேர் அழுகற மஞ்சள். தண்ணிய வெளியேத்தாம எவ்ளோ போட்டாலும் வீண். மொதல்ல வடிகால் வெட்டுங்க. மேல்பக்கத்துக்கு இப்ப போடுங்க, கீழ்ப்பக்கம் ஈரம் அடங்கினதும் போடுங்க. நாப்பத்தஞ்சாம் நாளு இன்னொரு அரை மூட்ட போட்டே ஆகணும்."

நாலு நாள் உழைப்பு தண்ணீரில் போய்விட்டது என்று தெரிந்ததும் ராஜாத்தி வரப்பில் உட்கார்ந்து அழுதாள். பிறகு மண்வெட்டியை எடுத்தாள். மண்வெட்டிக்கு ரிஜிஸ்டரில் தடை இல்லை. நின்ற தண்ணீர் இறங்கும்படி சுவர் ஓரமாக முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினாள். ஐந்து மணிக்கு விசில் அடித்து அவளை வெளியே அனுப்புவார்கள், மறுநாள் ஒன்பதுக்கு விட்ட இடத்தில் ஆரம்பிப்பாள். நாற்பத்தைந்தாம் நாள் வந்தபோது மறுபடி டிபன் கேரியர், இந்தத் தடவை ஆறு நாள். இரண்டு தடவையும் சேர்த்து அறுபத்தேழு கிலோ.

புரட்டாசியில் பயிர் பூவெடுத்தது. அந்தப் பதினைந்து நாளும் மழை எட்டிப் பார்க்கவில்லை. பூவெடுத்துக் கதிர் மீசை விடுகிற நேரத்தில் ஒரு வாரம் தண்ணீர் இல்லாவிட்டால் மகரந்தம் உலர்ந்து கதிரில் மணி பிடிக்காது. இலைகள் பத்து மணிக்கே சுருண்டன. மூன்று பக்கச் சுவரும் பகல் முழுவதும் குடித்த வெயிலைத் திருப்பி வீசின, உள்ளே நிற்க முடியவில்லை. நான்காவது பக்கம் கம்பி வேலி. அந்தப் பக்கம் கம்பெனியின் புல்தரை. அதற்குக் காலையும் மாலையும் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளித்தார்கள். வாயில் வைக்க முடியாத புல்லுக்குத் தண்ணீர், இந்தப் பக்கம் சோளம் வாடி நிற்கிறது. ராஜாத்தி வேலியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்து நின்றாள். தோட்டக்காரரிடம் கேட்டாள், அது அவர் கையில் இல்லை. கேட்டில் கேட்டாள், அட்மினைக் கேட்கச் சொன்னார்கள். வெளியிலிருந்து டேங்கர் கொண்டு வரலாமா என்றாள், அதற்கும் பாஸ் வேண்டும். ஓடவும் முடியாமல் ஒதுங்கவும் முடியாமல் பயிர் நின்ற மாதிரிதான் அவளும் நின்றாள். பதினாறாம் நாள் தூறல் விழுந்தபோது அவளுக்குச் சந்தோஷம்கூட வரவில்லை, கோபம்தான் வந்தது.

கார்த்திகையில் கதிர் ஒடித்தாள். துணைக்கு வந்த இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கொரு நீலக் கார்டு. வேலி ஓரத்து இரண்டு வரிசைகளில் புல்தரைச் சாரல் தப்பி விழுந்திருந்தது, அங்கே கதிர்கள் முழங்கை நீளம், நுனி வரை மணி. மேல்பக்கத்தில் பாதிக்குக் குறையாமல் நல்ல கதிர். நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளி விட்ட கதிர்கள். கீழ்க்கோடியில் விரல் அளவு. மூன்று மாதம் எந்த நாளில் எங்கே உரம் போயிற்று, எங்கே தண்ணீர் நின்றது, எங்கே வெயில் அடித்தது என்பதையெல்லாம் தார்ப்பாயில் கொட்டியிருந்த குவியலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சூளகிரியில் மக்காச்சோளம் வாங்கும் வியாபாரி லால் பாஷா டெம்போவோடு வந்தார். காலி வண்டி என்று எழுதி உள்ளே விட்டார்கள். அவர் ஒரு கதிரை உதிர்த்து, மணியைக் கடித்துப் பார்த்து, குவியலைச் சுற்றி நடந்தார்.

"உதிர்த்தா பன்னெண்டு மூட்ட தேறும்மா. ஆனா ஈரம் இன்னும் இருக்குது. கடல்ல புயலுங்கறாங்க, நாளைக்கு மழ புடிச்சிக்கும். இங்க கெடந்தா மூணே நாள்ல பூஞ்ச ஏறிடும். இன்னிக்கே என் குடோனுக்குப் போயிடணும்."

பன்னிரண்டு. ராஜாத்தி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பத்துக்கு மேல் இரண்டு. கிருஷ்ணப்பனின் முகம் எப்படி மாறும் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று பெண்களும் லால் பாஷாவும் சேர்ந்து டெம்போவில் ஏற்றி முடித்தபோது மணி மூன்று. கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் கேட்டில் வண்டியை நிறுத்தினார்கள். ஆனந்தராஜ் ரிஜிஸ்டரை விரித்து, விரலை மேலிருந்து கீழே ஓட்டினார்.

"லோடு வெளிய போகணும்னா அது உள்ள வந்ததுக்கு என்ட்ரி இருக்கணும்மா. ஆடிட் ரூல். இதுல மக்காச்சோளம் வந்ததா எங்கயும் இல்ல."

"மக்காச்சோளம் வரல சார். வெளஞ்சுது."

"எதுல வெளஞ்சுது? வெத, ஒரம் ஏதாச்சும் உள்ள வந்திருக்கணும்ல? நாலு மாசமா நீங்க கொண்டு வந்ததுன்னு இதுல மண்வெட்டி இருக்குது, கொடுவாள் இருக்குது, டிபன் இருக்குது. டிபன்ல சோளம் வெளையாது. என்ட்ரி இல்லாத பொருள் கம்பெனி காம்பவுண்டுக்குள்ள இருந்தா அது கம்பெனிப் பொருள். நான் சொல்லலம்மா, ரூல் சொல்லுது."

"பட்டா என் பேர்ல இருக்குது."

"கொண்டாங்க. வி.ஏ.ஓ. கிட்ட இந்தப் பயிர் உங்களுதுன்னு எழுதி வாங்கிட்டு அட்மின்ல குடுங்க. ஒரு வாரத்துல முடிஞ்சிடும்."

லால் பாஷா வானத்தைப் பார்த்தார். ஒரு வாரத்தில் டெம்போவில் இருப்பது மாட்டுக்குக்கூட ஆகாது.

ராஜாத்தி ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வரிசையாக டிபன், டிபன், டிபன். ஒவ்வொன்றின் நேராகவும் அவள் கையெழுத்து. சொல்லாமல் இருந்தால் கார்டு இருக்கும், நாளைக்கும் உள்ளே வரலாம், சோளம் போகும். பத்து மூட்டைக் கணக்கு போனால் நிலமும் போகும். சொன்னால் சோளம் வெளியே வரும். சொன்னால் வேறு என்ன ஆகும் என்பது கேட்டின் தூணில் தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதி ஒட்டியிருந்தது: அனுமதி இல்லாமல் பொருள் கொண்டு வந்தவருக்கு நிரந்தரத் தடை. தினமும் கார்டு வாங்கும்போது அவள் அதன் கீழேதான் நின்றாள்.

"ஒரம் உள்ள வந்துச்சு சார்" என்றாள்.

ஆனந்தராஜ் நிமிர்ந்தார்.

"யூரியா. அறுபத்தேழு கிலோ. டிபன்ல கொண்டாந்தன். நான்தான்."

அவர் கன்னடக்காரக் காவலரை டீ வாங்கி வர அனுப்பினார். காவலர் போகும் வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஊத்தங்கரையில எங்களுக்கும் மூணு ஏக்கர் இருக்குதும்மா. ஜவ்வரிசி எது, யூரியா எதுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க சொல்லாத வரைக்கும் எனக்கும் தெரியாது. சொல்லிட்டீங்கன்னா நான் எழுதணும். எழுதினா அந்த நோட்டீஸ்ல இருக்கறதையும் செய்யணும். என் வேல அது. நல்லா யோசிச்சு சொல்லுங்க. நீங்க இப்ப எதுவும் சொல்லலன்னு வெச்சிக்கறன்."

அந்த மனுஷன் மேல் ராஜாத்திக்கு அதுவரை இருந்த கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. கோபப்பட ஓர் ஆள் இருந்தால் தேவலை என்று இருந்தது. சுவர் மேல் ஒரு சொட்டு விழுந்தது, டெம்போவின் தார்ப்பாய் மேல் இன்னொன்று.

"எழுதுங்க சார்" என்றாள்.

அவர் எழுதினார். உள்ளே வந்த பொருள்: யூரியா, அறுபத்தேழு கிலோ, அனுமதி இல்லாமல். அதன் நேராக வெளியே போகும் பொருள்: மக்காச்சோளக் கதிர், ஒரு டெம்போ. அவள் கையெழுத்துப் போட்டாள். கேட் திறந்தது. லால் பாஷாவின் வண்டி வெளியே போய், நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பியது. ஆனந்தராஜ் கையை நீட்டினார். ராஜாத்தி கழுத்திலிருந்து கார்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் கம்ப்யூட்டரில் அவள் படத்தைத் தேடி எடுத்து, அதன் மேல் ஏதோ அழுத்தினார். படத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் வந்தது.

"மனு குடுத்திருக்கீங்கல்ல, அத விடாதீங்க" என்றார். அவள் தலையாட்டினாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. வேனை ஓரம் கட்டிவிட்டு நின்றிருந்தான் கிருஷ்ணப்பன். லால் பாஷா போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"பன்னெண்டா?" என்றான்.

"பன்னெண்டு."

"சரி. நான் பேச்சு மாறல. நெலம் உன்னுது, இனி கேக்கமாட்டன்." கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறி உட்கார்ந்த பிறகு, திட்டாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவன் மாதிரி கேட்டான்: "ஆனா எப்படிப் போவ?"

ராஜாத்தி வேன் கண்ணாடியைத் துடைத்துச் சுவரைப் பார்த்தாள். மழை சுவர் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. ஏற்றும்போது உள்ளே நிறைய மணி உதிர்ந்திருக்கிறது, பொறுக்க நேரம் இல்லை. இந்த ஈரத்துக்கு நான்கைந்து நாளில் முளைத்துவிடும். இருபத்தைந்தாம் நாள் உரம் கேட்டு மஞ்சள் ஏறும்.